சாலியந்துறை விமானத்தின் வாலில் உள்ள கோடு

அனுப்புநர்:
ஆர். ஜெயச்சந்திரன்,
முதுநிலைத் தொழில்நுட்பர், அளவுக்கருவிச் சோதனைப் பிரிவு,
(பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலை)
குஷாய்குடா, ஹைதராபாத்.

பெறுநர்:
உயர்திரு சௌந்தரராஜன் அவர்கள்,
இயக்குநர், தக்காண வானூர்திக் காட்சியகம்,
போலாரம், செகந்திராபாத்.

பொருள்: நாகப்பட்டினம் மாவட்டம், சாலியந்துறைக் கடற்கரையிலிருந்து எடுத்துவரப்பட்ட உலகப்போர்க் காலப் போர் விமானம் – வால் பகுதியைச் சுரண்டி வர்ணம் பூசுவதை நிறுத்திவைக்கக் கோருதல் – விமானம் கிடந்த இடத்தின் வரைபட நகல் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது கடிதம், நாள் 13.03.2006.
2. எனது ஆங்கில மனுக்கள், நாள் 21.01.2008 மற்றும் 09.06.2008.
3. தங்கள் அலுவலகப் பதில், நாள் 02.07.2008.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் காட்சியகத்தின் பின்புறக் கொட்டகையில் உள்ள மேற்படி விமானத்தை வரும் டிசம்பர் முதல் தேதியிலிருந்து சுரண்டிச் சுத்தம் செய்து, புது வர்ணம் பூசி, ஜனவரி 26 அன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறக்க இருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். அதன் வாலில், இடப்பக்கம் உள்ள சிறிய சிறகின் மேல், ஆணியால் கீறிய ஒரு கோடும் அம்புக்குறியும் இருக்கின்றன. கீறியவன் நான். அதைச் சுரண்டிவிட்டால் என் மகள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. அவசரத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2. முன்பு அனுப்பிய இரண்டு மனுக்களும் ஆங்கிலத்தில் இருந்தன. என் மகளுடன் படித்த சுபாஸ்ரீ என்ற பெண் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் எழுதிக் கொடுத்தாள். குறை சொல்ல முடியாத ஆங்கிலம். ஆனால் அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தபோது அதில் ‘மகள்’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது. தாங்கள் இரண்டு மாதங்களுக்கு முன் பொறுப்பேற்றதையும், தங்களுக்குச் சொந்த ஊர் கும்பகோணம் என்பதையும் கேள்விப்பட்டேன். ஆகவே இம்முறை தமிழிலேயே எழுதத் துணிந்தேன். எழுத எழுத என் மனைவி கனகவல்லிக்கும் படித்துக் காட்டுகிறேன். இதில் பொய்யாகவோ மிகையாகவோ ஒரு வரி இருந்தாலும் அவள் விடமாட்டாள்.

3. எங்களுக்கு ஒரே மகள். பெயர் மாதங்கி. பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் ஹைதராபாத். நாங்கள் தமிழில் பேசினால் அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள். என்னை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை, ‘நான்னா’தான். 2004ஆம் ஆண்டு பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு மென்பொருள் கம்பெனி, 2005 ஜூலை 4ஆம் தேதி வேலையில் சேரும்படி கடிதமும் கொடுத்துவிட்டது. வேலைக்குப் போய்விட்டால் இனி லீவே கிடைக்காது என்று அந்த டிசம்பரில் மூவரும் சாலியந்துறைக்குச் சென்றோம். என் மனைவியின் அக்காள் பகவதி அங்கே பள்ளி ஆசிரியை.

4. சாலியந்துறையில் கடலை ஒட்டி ஒரு மணல்மேடு இருந்தது. ஊரில் அதை ஏரோப்பிளேன் மேடு என்பார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலை காயப்போடும் சாதாரண மேடு. டிசம்பர் 25 மாலை பகவதி வீட்டுக்கு மீன் கொண்டுவந்த அஞ்சப்பன் என்ற படகுக்காரர், அதன் கதையை மாதங்கியிடம் சொன்னார். யுத்த காலத்தில் ஒரு சண்டை விமானம் எண்ணெய் தீர்ந்து கடற்கரையிலேயே இறங்கிவிட்டது, வெள்ளைக்காரர் ஒருவர் அதிலிருந்து இறங்கி அஞ்சப்பனின் தகப்பனார் குடிசையில் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு நடந்தே போய்விட்டார், விமானத்தை எடுத்துப்போக யாரும் வரவில்லை, சில வருடங்களில் மணல் மூடிவிட்டது என்றார். அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். அந்தக் கதை முழுதும் புரிந்தது.

5. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவை எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்க்கக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டியபடி, “நான்னா, மீரு ராரா?” என்றாள். நீங்கள் வரவில்லையா என்று கேட்டாள், ஐயா. மணலுக்குள் இருப்பதை என்ன பார்ப்பது, நீ போய்விட்டு வா என்று சொல்லிவிட்டு, நான் இரண்டாவது காப்பிக்காக உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்குள் கடல் வந்தது. அன்று நடந்ததைத் தங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நாடே பார்த்தது.

6. இரண்டு நாள் தேடினோம். 28ஆம் தேதி மதியம் அஞ்சப்பன்தான் கண்டுபிடித்து வந்து என்னை அழைத்துப் போனார். மேட்டுக்குத் தெற்கே, முள்ளுக்குள் இருந்தாள். மேடு அங்கே இல்லை. கடல் மணலை வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் விமானம் வெளியே கிடந்தது. மூக்கு மண்ணுக்குள், வால் வெளியே. அவள் பார்க்கப் போன விமானம் அவள் போன பிறகு வெளியே வந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு சாவகாசமாக வந்திருக்கிறதே என்று அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இரும்பின் மேல் கோபப்பட்டதை மனுவில் எழுதுவது முறையல்ல என்று தெரியும். ஆனால் வந்தது.

7. எரிக்க விறகு இல்லை. ஊருக்குக் கொண்டுவர வண்டி இல்லை. மூன்றாம் நாள் ஆகிவிட்டபடியால் கிடைத்த இடத்திலேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று வந்திருந்த அதிகாரிகள் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் அழுதுகொண்டுதான் சொன்னார்கள். அஞ்சப்பனும் இன்னும் இருவரும் குழி வெட்டினார்கள். கனகவல்லி தன் சேலையையே அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் பகவதி கொண்டுவந்த போர்வையைச் சுற்றிக்கொண்டாள்.

8. ஐயா, அளப்பது என் தொழில். முப்பது வருடமாக எங்கள் பிரிவில் அளவுக்கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கிறேன். மண்ணைத் தள்ளி மூடியதும், இந்த இடத்தை நாளைக்கு எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் முதலில் தோன்றியது. நட்ட குச்சி நிற்காது. சுற்றிலும் வீடு இல்லை, மரம் இல்லை, படகுகள் வயலில் கிடந்தன. எல்லாமே இடம் மாறிக் கிடந்த அந்தக் கரையில், இடம் மாறாத ஒரே பொருள் அந்த விமானம். அறுபது வருடம் அசையாதது, இவ்வளவு பெரிய கடல் வந்தும் அசையாதது, இனியா அசையப்போகிறது என்று நினைத்தேன். அவள் தலைமாட்டிலிருந்து விமானத்தின் வால் வரை நடந்தேன். நாற்பத்திரண்டு தப்படி. அஞ்சப்பனிடம் படகு ஆணி ஒன்று வாங்கி, மேசை போல் படுத்திருந்த அந்தச் சிறிய சிறகின் மேல், அவள் இருக்கும் திசையைக் காட்டி ஒரு கோடு கீறி, நுனியில் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 42 என்றும் ‘மா’ என்றும் எழுதினேன்.

9. ஒரே ஒரு குறிப்பை நம்பி அளக்கக்கூடாது, குறைந்தது இரண்டாவது வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் மகள் விஷயத்தில் ஒன்றோடு விட்டுவிட்டேன்.

10. 2005, 2006 இரண்டு வருடமும் டிசம்பர் 26 அன்று சென்றோம். நான் நினைத்தது போலவே குச்சியும் இல்லை, முள்ளும் இல்லை, கரை முழுதும் சவுக்குக் கன்று வைத்திருந்தார்கள். விமானம் மட்டும் இருந்தது. நான் அம்புக்குறியில் கையை வைத்துத் திசை பார்த்துக்கொண்டு நடப்பேன். கனகவல்லி எண்ணிக்கொண்டே பின்னால் வருவாள். நாற்பத்திரண்டில் உட்காருவோம். பாலும் பூவும் வைத்துவிட்டு, வெயில் ஏறும் வரை இருந்துவிட்டு வருவோம். முதல் வருடம் பையில் அளவு நாடா கொண்டுபோயிருந்தேன். சரியாக அளந்து எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். விரிக்க மனம் வரவில்லை. அதை விரித்தால் ஏதோ வேலைக்கு வந்தது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.

11. இனி நான் சொல்லவேண்டியது, என் தவறு. 2006 பிப்ரவரியில் அஞ்சப்பன் தொலைபேசியில் அழைத்தார். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், வெட்டி எடுத்துப்போய்விடுவார்கள் போலிருக்கிறது என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. யாரிடம் சொல்வது என்று விசாரித்தபோது தங்கள் காட்சியகத்தைப் பற்றித் தெரிந்தது. பார்வை 1இல் கண்ட கடிதத்தை எழுதினேன். அதில் அது போர்க்காலச் சின்னம், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது, சமூக விரோதிகளிடமிருந்து பாதுகாக்கப்பட வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். என் மகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு குடும்பத்தின் துக்கத்துக்காக எந்த அலுவலகமும் அசையாது, வரலாறு என்றால் அசையும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பவில்லை. அசைந்தார்கள்.

12. நான் பாதுகாக்கச் சொன்னது அங்கேயே வேலி போட்டு. அதை நான் எழுதவில்லை. எழுதாததை அவர்கள் எப்படி அறிவார்கள்? 2007 ஆகஸ்டில் தங்கள் காட்சியகத்திலிருந்து குழு சென்று, விமானத்தை மண்ணிலிருந்து தோண்டி, துண்டு துண்டாகக் கழற்றி, லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டது. புதுக் குடியிருப்புக்கு மாறிவிட்ட அஞ்சப்பனுக்கு விஷயம் தெரியும்போது லாரி போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாங்களே நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

13. 2007 டிசம்பர் 26 காலை நாங்கள் போனபோது விமானம் இல்லை. அது கிடந்த பள்ளத்தையும் நிரவி, லாரிகள் போய்வந்ததில் நாசமான பழைய கன்றுகளை எடுத்துவிட்டு, அங்கெல்லாம் புதிதாகச் சவுக்கு வைத்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே உயரத்தில் கன்றுகள். நான் ஒரு இடத்தைக் காட்டினேன். அஞ்சப்பன் ஒரு இடத்தைக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் முப்பது தப்படி இருந்தது. அவரும் அவர் காட்டியதில் உறுதியாக இல்லை, நானும் இல்லை. கனகவல்லி பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கன்றுகளுக்கிடையில் அங்கும் இங்கும் நடந்தாள். தெரியாத்தனமாக அவளையே மிதித்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அன்று பாலை எங்கும் ஊற்றவில்லை. செம்போடு திருப்பிக் கொண்டுவந்தோம். ரயிலில் அது திரிந்துபோயிற்று.

14. இதன் பிறகுதான் பார்வை 2இல் கண்ட இரண்டு மனுக்களும். முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்குப் பதில் வந்தது. காட்சியகத்தின் மேல் நான் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்றும், பார்வை நேரம் சனி, ஞாயிறு காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்றும், பள்ளிக் குழந்தைகளுக்குச் சலுகை உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. அதைக் கனகவல்லிக்குத் தமிழில் சொல்லும்போது கடைசி வரியை நான் சொல்லவில்லை.

15. பார்வை நேரம் என்று சொன்னார்களே என்று, இம்மாதம் 15ஆம் தேதி சனிக்கிழமை ஸ்கூட்டரில் வந்தேன். குஷாய்குடாவிலிருந்து போலாரம் அரை மணி நேரம்கூட இல்லை. கொட்டகையில் கயிறு கட்டி, பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். வால் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. காவலரிடம் கெஞ்சினேன். ‘நக்கோ சாப்’ என்று முதலில் மறுத்தார். விஷயத்தை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். போய் டார்ச் எடுத்துவந்து, பெயின்ட் டப்பாவின் மேல் ஏறி, சிறகின் மேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கையால் தூசியைத் துடைத்தார். “லகீர் ஹை சாப். தீர் கா நிஷான் பீ ஹை” என்றார். கோடு இருக்கிறது, அம்புக்குறியும் இருக்கிறது என்றார். பக்கத்தில் ஏதோ எழுத்து இருக்கிறது, தமக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, டப்பாவின் மேல் நின்றபடியே விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். ‘மா’ என்று எழுதினார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவர் விதியை மீறியது என் பொருட்டு. அவர் யார் என்று விசாரிக்க வேண்டாம் எனத் தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

16. வெளியே வரும் வழியில், சுவரில் மாட்டியிருந்த புகைப்படங்களைப் பார்த்தேன். விமானத்தைத் தோண்டும் முன் முக்காலியில் கருவி வைத்து இருவர் அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நானும் அந்தத் தொழிலில் இருப்பவன்தான். அவ்வளவு ஒழுங்காக அளந்தவர்கள் அதை எழுதி வைக்காமல் விடமாட்டார்கள். ஆகவே விமானம் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்ற வரைபடம் தங்கள் அலுவலகத்தில் கட்டாயம் இருக்கிறது. விமானத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை தப்படியில் என் மகள் இருக்கிறாள் என்பது அந்தச் சிறகில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அவள் கிடைத்துவிடுவாள். ஒன்று அழிந்தாலும் கிடைக்கமாட்டாள்.

17. எனவே நான் வேண்டுவது:

(அ) டிசம்பர் முதல் தேதிக்கு முன் ஒரு நாள் என்னைக் கயிற்றுக்கு உள்ளே அனுமதித்து, அந்தக் கோட்டின் மேல் காகிதம் வைத்துப் படியெடுக்கவும், சிறகோடு அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கவும் இடம் தர வேண்டும். ஒரு மணி நேரம் போதும். கருவிகள் நானே கொண்டுவருகிறேன். படியெடுத்த பிறகு தாங்கள் தாராளமாகச் சுரண்டலாம். தடுக்க மாட்டேன்.

(ஆ) விமானம் கிடந்த இடத்தின் வரைபடத்தில் ஒரு நகல் தர வேண்டும். அது வெளியாருக்குத் தரக்கூடாத ஆவணம் என்றால், விமானத்தின் வால் இருந்த புள்ளியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தால் போதும்.

(இ) புகைப்படங்களுக்குக் கீழே, ‘தகவல் தந்து உதவியவர்: திரு. ஆர். ஜெயச்சந்திரன், ஹைதராபாத்’ என்று பித்தளைப் பலகை வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் வைத்ததுதான். அதை எடுத்துவிட வேண்டும். என் மனைவியையும் ஒரு நாள் அங்கே அழைத்துவர நேரலாம். அவள் அதைப் பார்க்கக்கூடாது. படிக்காமல் தள்ளிவைத்திருந்த 11ஆம் பத்தியை, இவ்வளவும் எழுதிய பிறகே இன்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கடிதம் எழுதியது நான் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ஆகவே இந்த மூன்றாவது கோரிக்கை இப்போது தேவையற்றதாகிவிட்டது. எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

18. படித்துக் காட்டியதும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகு நேரம் கழித்து வந்து, இதையும் எழுதுங்கள் என்று சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “அவளை அங்கேருந்து எடுக்கச் சொல்லலை. வேலியும் வேணாம், கல்லும் வேணாம். எந்த எடம்னு மட்டும் சொன்னா போதும். எங்க காலம் வரைக்கும் நாங்க போய்க்குவோம்.”

19. தங்கள் அலுவலகத்தின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. இதைப் புகார் மனு என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது புகார் யார் மேல் என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும். அவளுக்கு அடையாளமாக இருந்த பொருள் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்கு வந்துவிட்டது. அவள் அங்கேயே இருக்கிறாள். வரும் டிசம்பர் 26க்கு நாகப்பட்டினம் போக டிக்கெட் எடுத்துவிட்டோம். அதற்குள் தங்கள் உத்தரவு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கருணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ஆர். ஜெயச்சந்திரன்
(ஒப்பம்) ஜெ. கனகவல்லி

இடம்: குஷாய்குடா
நாள்: 24.11.2008

இணைப்புகள்:
1. பார்வையில் கண்ட கடிதங்களின் நகல்கள்.
2. மாதங்கியின் இறப்புச் சான்றிதழ் நகல். ‘அடக்கம் செய்த இடம்’ என்ற கட்டத்தில் ‘கடற்கரை’ என்று மட்டும் உள்ளது.
3. எனது தப்படியின் நீளம்: 71 சென்டிமீட்டர். தொழிற்சாலை வளாகத்தில் பத்து முறை நடந்து, அளந்து, சராசரி எடுத்தது. தங்கள் வரைபடத்தோடு ஒப்பிடும்போது இதைப் பயன்படுத்தலாம். ஆனால் இது சாதாரண நாளில் நான் நடக்கும் தப்படி. அன்றைக்கு இதைவிடச் சிறியதாகத்தான் இருந்திருக்கும். எவ்வளவு சிறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.